யானை விற்ற துறையில் ஒரு பகல்

சுற்றுலாவுக்குப் போகும் வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு போவதில்லை. எங்கே சனம் இறங்குகிறது, எங்கே காசு கைமாறுகிறது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் வருவான். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டைக்கு நாங்கள் ஆறு பேர் போய்வந்த பயணமும் அப்படித்தான் அமைந்தது. எங்களில் இருவரின் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டவை. அவர்களில் ஒருவருக்கு, சோனகத் தெருவில் உள்ள வாப்பாவின் பழைய கடையைத் திருத்தித் திறப்பதா, விற்றுவிடுவதா என்ற யோசனை.

யாழ்ப்பாணத்திலிருந்து வட்டுக்கோட்டை, பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகர். அங்கிருந்து படகில் சில நிமிடங்கள்தான். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, கடலுக்குள்ளிருந்தே எழுப்பியதுபோல் எண்கோண வடிவில் கோட்டை நிற்கிறது. முருகைக்கல் கட்டடம். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித் தொடையின் குதிப்பக்கம் என்பது அதன் பொருள். இலங்கையின் வடிவம் அவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. நமக்கு உவப்பான பெயரல்ல, என்ன செய்வது!

இவ்வளவு சிறிய திட்டில் கோட்டை எதற்கு? மேலே ஏறி நின்றால் விடை கிடைக்கும். யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் கப்பல் நுழையும் வாய் அதுதான். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் கொண்டுவந்து ஊர்காவற்றுறையில்தான் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கேயர் அதனை யானைத் துறை என்றே அழைத்தனர். துறைமேடையைக் குறிக்கும் அவர்களது சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் கயிட்ஸ் ஆனது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யானைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. கோல்கொண்டா, வங்காளம் போன்ற இடங்களிலிருந்து வந்த வணிகர்கள் வாங்கினர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். உயரத்துக்கும் தந்தத்துக்கும் ஏற்ப விலை. வாங்க வந்தவர்கள் துணியும் அரிசியும் கொண்டுவந்தார்கள், திரும்பும்போது பாக்கும் ஏற்றிச் சென்றார்கள். கம்பனிக்கு இந்தச் சுதந்திரப் போக்குவரத்து பிடிக்கவில்லை. கடவுச்சீட்டு, ஏகபோகம் என்று எமது முன்னோரின் கையைக் கட்டினார்கள். வாயைப் பிடித்தவன் வரி வைத்தான்.

ஆனால் அந்தக் கோட்டையும் தண்ணீரால்தான் விழுந்தது. சுற்றிவரக் கடல், குடிக்க ஒரு தொட்டி. ஒல்லாந்தரின் குண்டு அந்தத் தொட்டியை உடைத்ததும் போர்த்துக்கேயர் சரணடைந்தனர். ஒரேயொரு கொள்முதல் இடத்தை நம்பிக் கடை நடத்துபவர்கள் அந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

பிற்காலத்தில் அது சிறைச்சாலையானது. 1971 கிளர்ச்சிக்குப் பின் ஜே.வி.பி.யினர் அங்கு அடைக்கப்பட்டனர். போர் முடிந்தபின் கடற்படை அதைச் சுற்றுலா இடமாக்கி, விடுதியும் அமைத்தது. சுத்தமாக, ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

கரைக்கு வந்து லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, ஐந்து சந்திப் பக்கம் கட்டிவந்த சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அப்போதுதான் பேச்சு சூடுபிடித்தது.

"கடையைத் திறந்தா ஆரு காக்கா வாங்க வருவாங்க? நம்மட சனம் புத்தளத்துலதானே இருக்கு" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. வாப்பா காலத்து வாடிக்கையாளர்களை நம்பி அதே கடையைத் திறந்தால் முதல் முடங்கும். ஆனால் நாங்கள் நின்ற நேரத்தில் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வேன்கள் வந்தன. கோட்டையைப் பார்த்தார்கள், கசூரினா கடற்கரையில் குளித்தார்கள், போனார்கள். எங்களைப்போலச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்த முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. பனங்கட்டி, ஒடியல், கருவாடு என்று ஊருக்குக் கொண்டுபோக ஒரு பொதி வாங்க அவர்களுக்கு வழியில் நல்ல இடம் அகப்படவில்லை. முதல்நாள் சொன்னால் மறுநாள் ஹலால் சாப்பாடு தயாராக இருக்கும் என்ற ஒரு தொலைபேசி இலக்கமும் இல்லை.

சோனகத் தெருக் கடையில் சமையலறையும், முன்னால் பொதிகட்டும் மேசையும் போட எவ்வளவு முடியும் என்று திரும்பும் வழியில் கணக்குப் பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாபாரம் படுக்கும், பாடசாலை விடுமுறையில் நிமிரும். அதையும் கணக்கில் சேர்த்தோம். கடையை விற்கும் பேச்சை அவர் நோன்புப் பெருநாள்வரை ஒத்திவைத்திருக்கிறார்.