கீரிமலையில் மலையில்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்த எவருக்கும் மலை என்பது புவியியற் பாடநூலில் வரும் ஒரு சொல்லே. சுண்ணாம்புக்கல்லாலான தட்டை நிலம் அது. கீரிமலை என்றோர் ஊர் எம்மிடம் உண்டு. அங்கே கேணி உண்டு, கோயில் உண்டு, கடல் உண்டு, மலையில்லை. சைக்கிள் மிதித்துப் பழகிய கால்கள் எம்முடையவை. எதிர்க்காற்றே எமக்கு ஏற்றம். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த ஒருவர், மெல்பேர்ணின் தென்கிழக்கே நோபல் பார்க்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் விடியுமுன் எழுந்து டண்டினோங் மலைத்தொடரில் ஓடப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது நாம் முதலில் நம்பவில்லை. பேராதனையில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் ஹந்தானை மலையை யன்னலூடாகப் பார்த்ததோடு திருப்தியடைந்தவர்கள் நாம்.

அவர் பெயரை இங்கு எழுதவில்லை. பிரிட்ஜிங் விசாவில் வாழும் ஒருவர் தம் பெயர் பத்திரிகையில் வருவதை ஏன் விரும்பமாட்டார் என்பதை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நண்பர் என்றே குறிப்பிடுவோம். 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கடல்வழியே வந்தவர். அவ்வாண்டு ஆகஸ்ட் 13க்குப் பின்னர் அவ்வாறு வந்தோரின் கோரிக்கைகளை விசாரிக்க அரசு வகுத்த முறைக்கு ‘விரைவுப் பாதை’ என்று பெயர். தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்தோருக்கு 2023இல் நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. விரைவுப் பாதையில் நிராகரிக்கப்பட்டோருக்கு அக்கதவு திறக்கவில்லை. நண்பர் அந்த இரண்டாம் வரிசையில் நிற்பவர். பகலில் உறங்கி இரவில் தொழிற்சாலையில் நிற்கிறார்.

ஓட்டம் உறக்கமின்மையிலிருந்து தொடங்கியதாம். வேலை முடிந்து வந்தாலும் கண் மூடாது, எனவே நடந்தார். நோபல் பார்க்கில் 2018இல் தண்டவாளத்தைத் தூண்களின்மேல் உயர்த்திய பின்னர், அதன்கீழே கோல்ஃபீல்டிலிருந்து டண்டினோங் வரை நடைபாதையொன்று அமைந்தது. ஜெரிங் பாதை என்பர். அதில் நடை ஓட்டமாயிற்று. மேலே ரயில் ஓட, கீழே இவர் ஓடியிருக்கிறார். ஆனால் அதுவும் எம் ஊரைப்போலத் தட்டை. உடன் வேலை செய்யும் ஒருவர் தம் வாகனத்தில் அரைமணி நேரம் கூட்டிச் சென்று ஃபெர்ன்ட்ரீ கல்லியில் இறக்கிவிட்ட நாளிலேதான் ஏற்றம் என்றால் என்னவென்று கால்கள் அறிந்தன.

அங்குள்ள ‘ஆயிரம் படிகள்’ மெல்பேர்ண்வாசிகள் நன்கறிந்த இடம். 1942இல் பப்புவா நியூ கினியின் கொக்கோடா மலைப்பாதையில் யப்பானியப் படையுடன் பொருதிய அவுஸ்திரேலியப் படையினரின் நினைவாகப் படியோரங்களிற் பலகைகள் பதித்திருக்கிறார்கள். ஆயிரம் என்று பெயரே தவிர, எண்ணிப் பார்த்தால் எண்ணூறுக்கும் குறைவு. நண்பர் எண்ணியிருக்கிறார். முதல்நாள் நூறாவது படியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டாராம். உச்சியிலுள்ள ஒற்றைமரக் குன்றின் உயரம் சுமார் 500 மீற்றர்; தொடரின் பேர்பெற்ற டண்டினோங் மலையோ 633 மீற்றர். சிவனொளிபாதமலையின் 2243 மீற்றரோடு ஒப்பிட்டு இதென்ன மலை என்று மலையகத்து அன்பர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் சிவனொளிபாதத்துக்கு ஒருமுறை ஏறிப் புண்ணியம் தேடுகிறோம். மலை ஓட்டக்காரர்கள் ஒரே காலையில் ஏறி இறங்கி, மறுபடியும் ஏறி இறங்குகிறார்கள்.

இதில் எமக்குப் புதிதாயிருந்தது, ஏறும்போது அவர்கள் எல்லாரும் ஓடுவதில்லை என்பதே. செங்குத்தில் முன்குனிந்து, கைகளை முழங்காலின் மேற்புறத்தில் ஊன்றி, குறுகிய அடிவைத்து நடக்கிறார்கள். அது வெட்கத்துக்குரியதன்று, ஓடுகிறவருக்கும் நடக்கிறவருக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடில்லாத சாய்வில் ஓடுவது வீண்செலவு. உண்மையான சோதனை இறக்கத்தில்.

“ஏறேக்க மூச்சுத்தான் சேர் போகும். இறங்கேக்கதான் கால் போகும்” என்றார் நண்பர்.

இதற்கு உடற்றொழிலியல் விளக்கம் உண்டு. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்தவேண்டியிருக்கிறது. இவ்வாறு நீளும் தசையின் இழைகளில் நுண்ணிய சேதங்கள் விளைகின்றன. ஓடிய அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கதிரையிலிருந்து எழ முடியாது. ஒருமுறை இந்த அடியை வாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியைக் குறைந்த நோவோடு தாங்கும் என்பது விந்தை. எனவே இறக்கத்தையும் பயில வேண்டும். கண் பாதத்தில் அல்ல, நாலைந்து அடிக்கு அப்பால் இருக்கவேண்டும். மலைச் சாம்பல் என்னும் நெடிய யூக்கலிப்ரஸ் மரங்கள் பட்டையை நீளநீளமாக உரித்துப் பாதையெங்கும் போட்டிருக்கும்; ஈரத்தில் அது வாழைத்தோல்தான். கோடையில் பாம்பும் உண்டு. ஷெர்புரூக் காட்டில் லயர் பறவையொன்று பல பறவைகளின் குரலை அடுத்தடுத்துப் பாவனை செய்ததைக் கேட்டு, ஓட்டத்தை மறந்து நின்றுவிட்டதாக நண்பர் சொன்னார்.

பிறர் பசைபோன்ற இனிப்பைச் சிறு பைகளில் வாங்கிக் கொண்டுபோக, இவர் சட்டைப்பையில் புழுக்கொடியலும் பேரீச்சம்பழமும் வைத்திருப்பார். புழுக்கொடியலைச் சப்பி முடிப்பதற்குள் ஒரு மலை முடிந்துவிடுமாம்.

இந்நாட்டவருக்கு நெடுந்தூர ஓட்டத்தில் ஒரு தனி வாரப்பாடு உண்டு. 1983இல் சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு 875 கிலோமீற்றர் ஓடிய போட்டியில் வென்றவர் கிளிஃப் யங் என்னும் 61 வயதுக் கமக்காரர். ஒட்வேய் மலைப்பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர். ஏனையோர் உறங்கிய வேளைகளிலும் காலை இழுத்திழுத்து ஓடி, 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் வந்துசேர்ந்தார். நீலமலையில் கட்டும்பாவிலிருந்து ஜெனோலன் குகைகள் வரையான ஆறடிப் பாதையில் 45 கிலோமீற்றர்ப் போட்டி 1984இல் தொடங்கியது; ஆற்றைக் கடந்தபின் வரும் ஏற்றமே அதன் பேர்போன பகுதி. நண்பருக்கு அதில் ஓட ஆசை. பயணச் செலவும் இரவு வேலையும் விடவில்லை. எமது பக்கத்துக் கதையொன்றையும் சேர்க்கவேண்டும். பல்லாரட்டில் வாழ்ந்த தமிழ் அகதியான நீல் பாரா, 2023இல் அங்கிருந்து சிட்னி வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் நடந்தார். அந்நடை முடிவுற்றபோது அவர் குடும்பத்துக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அவரைப்போல நடந்தும் கிடைக்காதவர்களை நாம் அறிவோம். 2024 ஆகஸ்டில் இதே நோபல் பார்க்கில் எம் இளைஞரொருவரை இழந்தோம். அந்த வாரம் நண்பர் ஓடப் போகவில்லை.

மறு ஆண்டு மலைப்போட்டியொன்றுக்கு விண்ணப்பித்தார். 21 கிலோமீற்றர். விண்ணப்பத்தில் அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர் யார் என்றொரு கட்டம் இருந்தது. அவருக்கு இந்நாட்டில் உறவினர் எவருமில்லை. மூன்று நாட்கள் அக்கட்டத்தை வெறுமையாக வைத்திருந்துவிட்டு, எம்மைக் கேளாமலே எமது இலக்கத்தை எழுதிவிட்டார்.

எனவே அந்த ஞாயிறு முற்பகல் பதினொரு மணிக்கு அறியாத இலக்கமொன்றிலிருந்து எமக்கு அழைப்பு வந்தது. அறியாத இலக்கம் ஒலித்தால் எம்மவர் வீடுகளில் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை எழுதவேண்டியதில்லை. பேசிய பெண் மிகப் பணிவாக, பதற வேண்டாம், கணுக்கால்தான் பிசகியிருக்கிறது, வந்து கூட்டிச்செல்ல முடியுமா என்றார்.

பதினான்காவது கிலோமீற்றரில், ஈரமான இறக்கத்தில், மரப்பட்டையின்மேல் வைத்த கால் சறுக்கியிருக்கிறது. விழுந்தவர் எழுந்து நொண்டிக்கொண்டே அடுத்த தரிப்பிடம் வரை போயிருக்கிறார். அங்கே மார்பிலிருந்த இலக்கத் தாளில் கோடு கிழித்து நிறுத்திவிட்டார்கள். நாம் போனபோது போர்வையைப் போர்த்தபடி, காலில் பனிக்கட்டிப் பொதியோடு, பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எமக்குக் கோபம் வந்தது. நொண்டியபடி வந்தவரை நாலு நிமிடத்துக்காக மறிப்பதா என்று கேட்டோம்.

“பத்து இருபதுக்கு மூடுவம் எண்டு முதலே எழுதித் தந்தவை, சேர். நான் வந்தது பத்து இருபத்துநாலுக்கு” என்றார். சற்றுப் பொறுத்து, “நேரம் தெரிஞ்சு தோக்கிறது வேற மாதிரி இருக்கு” என்றார்.

வழிநெடுக அவர் காலை முன்னிருக்கையில் நீட்டி வைத்துக்கொண்டு, எந்த இறக்கத்தில் எவரை முந்தினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். திங்களிரவு வேலைக்கு நிற்க முடியுமா என்பதுதான் எம் கவலை. அவருக்கு அது இரண்டாம் பட்சம். விண்ணப்பத்தில் எம்மை என்ன உறவென்று எழுதினீர் என்று கேட்டோம். சித்தப்பா என்று எழுதியதாகக் கூறி, யன்னற்பக்கம் திரும்பிக்கொண்டார். நோபல் பார்க் வந்து இறங்கும்போது, அடுத்த வருடமும் அதே இலக்கத்தை எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொன்னோம். அந்த ஞாயிறு வேறெங்கும் போகாமல் வீட்டிலிருப்போம் என்றும் சொன்னோம்.