சிறைக்கு முன்னே உள்ள வழிகள்

கடலானது மலைகளுக்கிடையே ஒடுங்கி, அலையும் ஆரவாரமும் அடங்கி நிற்கும் திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையிலே, ஆங்கிலேயர் கட்டிவைத்துப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளுள் பல காட்டுமரங்களின் நிழலில் துருவேறிக் கிடக்க, விமானத்தளமும் மாவு ஆலையும் புகையிரத நிலையமும் தத்தமக்குரிய ஓசைகளுடன் இயங்க, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருக்கும் சீனன்குடாவிலிருந்து காலைப் பேருந்தில் பட்டினத்துக்குப் போவோருள், சவர்க்காரமும் பற்பசையும் மாற்றுச் சாரமும் ஒரு பையிலே கட்டிக்கொண்டு, விளக்கமறியலில் உள்ள மகனையோ கணவனையோ பார்க்கச் செல்லும் பெண்கள் சிலரும் இருப்பார்கள். வழக்கிலக்கம் எழுதிய துண்டுக் காகிதம் ஒன்று அவர்கள் கையிலே இருக்கும். அவ்வழக்கிலே சட்டம் என்னென்ன வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை எடுத்துரைத்தவர் பெரும்பாலும் ஒருவரும் இரார். அந்தக் குறையை இயன்றமட்டில் நீக்கும் பொருட்டே இதனை எழுதுகிறேன்.

குற்றம் என்பது அரசின் கட்டளையை மீறிய செயல் என்று மாத்திரம் கொள்ளும் நியாயமுறையிலே, வழக்கு அரசுக்கும் எதிரிக்கும் இடையே நிகழ்கிறது; அடிபட்டவனோ பொருளிழந்தவளோ சாட்சிக் கூட்டில் ஏறி இறங்குவதோடு வந்த காரியம் முடிந்ததென்று வீடு திரும்ப நேர்கிறது. யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அவருக்கு வேண்டியது யாது, தீங்கு செய்தவன் எதைச் செய்தால் அது ஒருவாறேனும் ஈடாகும், இருவரும் மறுபடி ஒரே தெருவில் வாழ்வதெப்படி என்று வினவும் முறையை மறுசீரமைப்பு நீதி என்பர். பிராயச்சித்தம் என்ற சொல்லைப் பழகிய நமக்கு அது முற்றிலும் அந்நியமானதொன்றன்று. கிழக்கிலங்கைக் கிராமங்களில் கோயில் வண்ணக்கர் முன்னிலையிலும் பள்ளிவாசல் மரைக்காயர் முன்னிலையிலும் எத்தனையோ பிணக்குகள் இவ்வாறே தீர்ந்திருக்கின்றன. ஆயினும் அந்தப் பழைய சபைகளிலே பெண்ணின் குரலும் ஏழையின் குரலும் தாழ்ந்தே ஒலித்தன என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அக்காரணத்தினாலேயே, ஊர்வழக்கத்தை நம்பி நின்றுவிடாது, சட்டத்தின் காவலோடு கூடிய வழிகளை நாம் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

இம்முறையின் தேவையை உலகுக்கு மிகக் கடுமையாக உணர்த்தியவர்கள் அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள். அந்நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாக உள்ள அவர்கள், சிறையிலிருப்போருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக இருக்கிறார்கள். காவலில் இறந்த ஆதிக்குடியினர் 99 பேரின் மரணங்களை 1987 முதல் 1991 வரை விசாரித்த அரச ஆணைக்குழு 339 பரிந்துரைகளை வழங்கிற்று. சிறைக்குள் ஆதிக்குடிகள் ஏனையோரைவிட அதிக வீதத்தில் இறக்கவில்லை, அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் அவர்கள் சிறைக்குள் தள்ளப்படுவதே அத்தனை மரணங்களுக்கும் மூலகாரணம் என்பது அதன் முடிபுகளுள் முக்கியமானது. ஆகவே சிறை கடைசிப் புகலாகவே இருக்கவேண்டும் என்றது. 1999இல் போர்ட் அடிலெய்டிலே நங்கா நீதிமன்றமும், 2002இல் விக்டோரியா மாநிலத்திலே கூரி நீதிமன்றமும் தோன்றின. அங்கே ஆதிக்குடி மூத்தோர் நீதவானோடு ஒரே மேசையில் அமர்ந்து குற்றவாளியை நேர்முகமாக வினவுகிறார்கள். கனடாவிலே, ஆதிக்குடியினருக்குத் தண்டனை விதிக்குமுன் அவர்களுடைய விசேட நிலைமைகளையும் சிறையல்லாத மார்க்கங்களையும் நீதிபதி ஆராயவேண்டும் என்று 1996இல் சட்டமாயிற்று. 1999இல் கிளாடியூ வழக்கிலே உச்ச நீதிமன்றம் அதனை வலியுறுத்தியது. இத்தனைக்குப் பின்னும் இரு நாடுகளிலும் ஆதிக்குடிகளின் சிறைவீதம் குறையவில்லை என்பது துக்ககரமான உண்மை. நிலத்தையும் பிழைப்பையும் பறித்த கை, நீதிமன்ற மேசையை மாத்திரம் வட்டமாக்கினால் போதுமா?

இந்த வினா நமக்குத் தொலைவானதன்று. 1983ஆம் ஆண்டு நவம்பரில் மதுறு ஓயாப் பிரதேசம் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டபோது, அக்காட்டிலே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த நம் நாட்டின் ஆதிக்குடிகளான தம்பானை வேடர், முந்தின நாள் வரை தமக்கு ஜீவனோபாயமாக இருந்த செயல்களுக்காக மறுநாள் குற்றவாளிகளாயினர்; மூதாதையர் காட்டுக்குள் புகுந்ததற்காகப் பிடிபட்டு நியாயஸ்தலம் ஏறியவர்களும் அவர்களில் உண்டு. நம்முடைய மூதூர், வெருகல் பக்கங்களிலே தமிழ் பேசி, மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழ்கின்ற கரையோர வேடர்களை 1911இல் வெளிவந்த நூலொன்றிலேயே மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் விவரித்திருக்கிறார்கள். இவர்களுக்கென்று தனி நீதிமன்றமோ, தண்டனைக்கு முன் சமூகநிலை அறிக்கை கோரும் தனிச்சட்டமோ இலங்கையில் இல்லை. எனினும் அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையின்படி, தமிழ் நிர்வாக மொழியாக உள்ள வடகிழக்கில் நீதிமன்ற மொழியும் தமிழே. வழக்காளியும் எதிரியும் தம் மொழியிலே பேசவும், விளங்காத மொழியில் நடப்பதை அரசின் செலவில் மொழிபெயர்த்துக் கேட்கவும் உரித்துடையவர்கள். கூண்டிலே நிற்பவன் தனக்கு விளங்கவில்லை என்று உரத்துச் சொல்வது அவமரியாதை ஆகாது.

இனி, யாவருக்கும் பொதுவான வழிகளைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் நம் நாட்டின் மறுசீரமைப்பு நீதிக்கு மிக அணுக்கமான ஏற்பாடு. வலையறுத்த சண்டை, வேலித் தகராறு, கைகலப்பில் நேர்ந்த சிறு காயம், ஏச்சுப்பேச்சு முதலிய பிணக்குகளை, மூன்று மத்தியஸ்தர் அமர்ந்து, இரு தரப்பாரும் மனமொப்பும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயல்வர். அவர்கள் தீர்ப்புக் கூறுவதில்லை. தரப்பாருக்காகச் சட்டத்தரணி தோன்றுவதுமில்லை. அங்கே சொல்லப்பட்டதைப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க முடியாது என்பது மிகப் பெரிய பாதுகாப்பு. ஆகையினாலே, மன்னிப்புக் கேட்க விரும்புபவன் அதைப் பொலிஸ் நிலையத்து வாங்கிலே வாக்குமூலமாக எழுதிக் கொடுப்பதிலும் சபையின் முன் கேட்பதே விவேகம். இணக்கம் ஏற்படாவிடில் அதற்குச் சான்றிதழ் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் செல்லலாம். ஒருவரையும் வற்புறுத்திக் கையொப்பம் வாங்க அவர்களுக்கு அதிகாரமில்லை.

இங்கே ஓர் ஆபத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். கணவனின் அடி தாங்காமல் முறைப்பாடு செய்யவந்த பெண்ணை, குடும்பமென்றால் இப்படித்தான், சமாதானமாகப் போம்மா என்று அனுப்பிவிடுவது மறுசீரமைப்பு ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெற அவளுக்கு உரிமையுண்டு. சிறுவர் மீதான பாலியல் குற்றங்களை ஊர்ப்பெரியோர் கூடி நட்டஈட்டுக்கு முடித்துவைப்பதோ, அதுவே இன்னொரு குற்றமாகும். தீங்குபட்டவர் அச்சமின்றி மறுக்கக்கூடிய இடத்திலேதான் சமாதானத்துக்கு அர்த்தமுண்டு.

இலங்கையிலே தீர்ப்புப் பெற்றுச் சிறைபுகுவோரில் பெரும்பகுதியினர் கொடுங்குற்றவாளிகளல்லர். விதித்த தண்டப்பணத்தைச் செலுத்த இயலாத வறியவர்கள். இதனை எண்ணும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது. ஒருவன் கசிப்பு வழக்கிலோ சிறு களவிலோ அகப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணம் கட்டு, தவறினால் சிறை என்ற கட்டளையைப் பெறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அன்று பகலுக்குள் பணம் புரளாவிட்டால் மாலையிலே அவன் சிறைக்குள். கடலுக்குப் போகாத அவன் தோணி கரையிலே. அவன் மனைவி வட்டிக்காரன் வாசலிலே. ஆனால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவின்படி, தண்டப்பணத்தைச் செலுத்த நீதிமன்றம் அவகாசம் அளிக்கலாம். தவணை முறையில் செலுத்தவும் அனுமதிக்கலாம். கேட்டால் கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. கேளாதவனைப் பற்றி நெரிசல் மிகுந்த ஒரு நீதிமன்றம் தானாக நினைத்துப் பார்க்க வாய்ப்பு மிகச் சொற்பம்.

தண்டப்பணமேயன்றி வேறு மார்க்கங்களும் உண்டு. 1944ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டமொன்று குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விடுவதற்கு வழி செய்தது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறு குற்றங்களில் சிறைக்குப் பதிலாக, சீர்திருத்த உத்தியோகத்தரின் கண்காணிப்பில் சம்பளமின்றிப் பொதுவேலை செய்தல், போதைப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுதல், தொழில் பயிலுதல் முதலிய நிபந்தனைகளை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. பள்ளிக்கூட வளவைத் துப்புரவாக்கிவிட்டு மாலையில் வீடு திரும்பும் தகப்பனைப் பிள்ளைகள் இழப்பதில்லை. நிபந்தனையை மீறினால் மறுபடி நீதிமன்றம் ஏறவேண்டிவரும் என்பதை மாத்திரம் மறத்தலாகாது. தீங்குபட்டவருக்கு எதிரி நட்டஈடு கொடுக்கும்படியும் கட்டளையிடலாம். இதை அரச தரப்போ தீங்குபட்டவரோ கேட்கவேண்டும்.

தீர்ப்புக்கு முன்னே சிறையிலிருப்போர் நிலையும் இரங்கத்தக்கது. பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை. பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்ற விசேட சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளுக்கு அது இவ்வாறு பொருந்தாது.

புனர்வாழ்வு என்னும் சொல் நம் செவியிலே எவ்வாறு ஒலிக்கிறதென்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். 2009இல் யுத்தம் முடிந்தபின், ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் முகாம்களிலே புனர்வாழ்வு என்ற பெயரால் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர். தச்சும் தையலும் கற்று வந்தவர்களும் உண்டு, விடுதலைக்குப் பின்னும் விசாரிப்பு ஓயாது வேலை தருவாரின்றி அலைந்தவர்களும் உண்டு. ஆகவே கிழக்கிலே ஒரு தாய் புனர்வாழ்வு என்று கேட்டதும் திடுக்கிட்டாளானால், அவளுக்கு அதற்குக் காரணம் இருக்கிறது. போதைக்கு அடிமையானோரை அனுப்பிவைத்த கந்தகாடு நிலையத்திலே 2022இல் கலவரங்கள் மூண்டன. அதே ஆண்டு அரசு கொணர்ந்த புனர்வாழ்வுப் பணியக மசோதா அரசியலமைப்பின் சமத்துவ உரிமைக்கு முரணானதென்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. அதன்பின் திருத்தப்பட்ட வடிவிலேயே அது 2023இல் 2ஆம் இலக்கச் சட்டமாயிற்று. சிகிச்சை என்று சொல்லிப் பிள்ளையை அழைத்துச் செல்வோரிடம், இது எந்தச் சட்டத்தின் கீழ், யார் கட்டளைப்படி, எத்தனை மாதத்துக்கு, மருத்துவர் பார்த்தாரா என்று பெற்றோர் கேட்கவேண்டும். விடைகளை எழுத்திலே பெறவேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை அணுகலாம். வழக்கிலக்கம், அடுத்த தவணைத் தேதி, குடும்ப வருமானத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவை கைவசம் இருப்பின் காரியம் விரைவாகும். சிறைக்குள்ளே அடிக்கப்பட்டாலோ, மருந்து மறுக்கப்பட்டாலோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்தியக் காரியாலயத்தில் முறையிடலாம். தடுத்து வைக்கப்பட்டிருக்கும் இடங்களைச் சென்று பார்வையிடும் அதிகாரம் அதற்குண்டு. அடிப்படை உரிமை மீறலுக்காக உச்ச நீதிமன்றம் செல்வதானால் அரசியலமைப்பு தந்திருக்கும் காலம் ஒரு மாதம் மாத்திரமே. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிவாகிவிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆதலால் முறைப்பாட்டைக் கொடுத்த அன்றே, தேதியிட்ட பற்றுச்சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வழக்கிலக்கம் எழுதிய அந்தத் துண்டுக் காகிதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும்.