கல்லாப்பெட்டியும் வாக்குப்பெட்டியும் – 9: பத்துக் கையொப்பம்

சட்டசபைக்கு நிற்கத் துணிந்த சிறு வியாபாரியின் கடையைத் தேர்தல் முடியும்வரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அதற்கு முந்திய சங்கதிகளைத் தொடர்ந்து வாசித்து வரும் அன்பர்களுக்கு மீண்டும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வியாபாரிக்குச் சட்டம் விதிக்கும் தடையைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்கு முன்பாக டிபாசிட் தொகையைக் குறித்து நாலு வரி எழுதிவிட்டு மேலே செல்லலாம் என்று தொடங்கியவனை, மேட்டூர் பத்மராஜனும் மொடக்குறிச்சி விவசாயிகளும் வழிமறித்து நிறுத்திவிட்டார்கள்.

1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், சட்டசபை அபேட்சகர் 250 ரூபாயும் லோக்சபை அபேட்சகர் 500 ரூபாயும் கட்டவேண்டும் என்றும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அதிற் பாதி போதும் என்றும் விதித்தது. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவருடைய தொகை சர்க்கார் கஜானாவைச் சேரும். அன்றைய 250 ரூபாய் சிறு தொகையன்று என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் வருஷங்கள் செல்லச் செல்ல, நாணயத்தின் மதிப்பு தேயத் தேய, அத்தொகை யாருக்கும் எட்டக்கூடியதாயிற்று; பின்னர் 1996-இல் அது 5,000 ஆகவும், 2010 பிப்ரவரி முதல் 10,000 ஆகவும் உயர்ந்தது. லோக்சபைக்கு இன்று 25,000. இந்த ஏற்பாட்டை நாம் கற்றுக்கொண்டது பிரிட்டிஷாரிடமிருந்து. அவர்கள் 1918-இல் 150 பவுன் என்று விதித்து, எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாதவர் அதை இழக்கவேண்டும் என்றார்கள். 1985-இல் தொகையை 500 பவுனாக உயர்த்திய அதே கையோடு, இழக்காமல் தப்பவேண்டிய அளவை இருபதில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். நாமோ தொகையை நாற்பது மடங்கு ஏற்றிய பின்னும் ஆறில் ஒன்று என்ற வரம்பை ஓர் இம்மியும் தளர்த்தவில்லை.

இந்த ஆறில் ஒரு பங்கின் கொடுமையை அனுபவத்தால் அறிந்தவர் இத்தேசத்திலே பத்மராஜனைப் போல வேறொருவர் இருக்க முடியாது. மேட்டூரில் டயர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் இவர், சாமானிய மனிதன் ஒருவனும் தேர்தலில் நிற்கலாம் என்பதை நிரூபிக்கும் பொருட்டு 1988-இல் தம் சொந்த ஊரிலேயே முதன்முதல் மனுத் தாக்கல் செய்தார். வாஜ்பாய், மன்மோகன் சிங், நரேந்திர மோடி, ராகுல் காந்தி என்று பெரும் தலைவர்களுக்கு எதிரேயெல்லாம் மனுக் கொடுத்து, 2024-ஆம் வருஷத்து லோக்சபைத் தேர்தலுக்குள் 238 தோல்விகளைக் கண்டுவிட்டார். மிக அதிகமாகத் தோற்ற அபேட்சகர் என்று லிம்கா சாதனைப் புத்தகம் அவரைப் பதிவு செய்திருக்கிறது. மனுக்களையும் அடையாளச் சீட்டுகளையும் லாமினேஷன் செய்து பத்திரமாகப் பாதுகாத்து வரும் அம்மனிதரை வேடிக்கை மனிதராகப் பத்திரிகைகள் சித்திரித்து வருகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடையில் ஈட்டிய பணத்தை ஒருவர் இத்தனை காலம் ஒரே காரியத்தில் செலவிட்டு வருகிறார் என்றால், அக்காரியத்தில் நாம் இன்னும் சிந்தித்துப் பாராத ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

அவர் பெற்ற மிக அதிகமான வாக்கு, 2011-ஆம் வருஷம் மேட்டூர் சட்டசபைத் தொகுதியில் கிடைத்த 6,273. அம்முறை வெற்றி பெற்றவர் தே.மு.தி.க.வின் எஸ்.ஆர். பார்த்திபன், அவருடைய வாக்குகள் 75,672. வென்றவருடைய வாக்கில் மட்டுமே ஆறில் ஒன்றைக் கணக்கிட்டால் 12,612 வருகிறது. மற்ற அபேட்சகர்களின் வாக்குகளையும் கூட்டினால் தேவை இன்னும் ஏறும். கட்சியில்லாமல், கொடியில்லாமல், டயர்க் கடையின் வருமானத்தைக் கொண்டு நின்ற ஒருவருக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் தாமாகவே வாக்களித்தார்கள்; அவர்கள் அனைவரும் சேர்ந்தும் அவருடைய டிபாசிட்டை மீட்க இயலவில்லை. ஆறாயிரம் பேருடைய நம்பிக்கையைப் பெற்றவரை விளையாட்டு அபேட்சகர் என்று சொல்லிப் பணத்தைப் பறிமுதல் செய்வது என்ன நியாயம்?

கைக்குட்டை, நூல், பாத்திரம், பலசரக்கு என்று கடை வைத்திருக்கும் நம் பக்கத்து வியாபாரிக்கு அவர் கதையிலே மிகவும் பிடித்த விஷயம் சின்னத்தைப் பற்றியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். மீன், மோதிரம், தொப்பி, தொலைபேசி என்று பல சின்னங்களை ஏந்திய பத்மராஜனுக்கு, 2024-இல் தர்மபுரியில் நின்றபோது கிடைத்தது டயர். சுயேச்சைகளுக்கென்று தேர்தல் கமிஷன் வைத்திருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: தையல் இயந்திரம், கேஸ் சிலிண்டர், பிரஷர் குக்கர், செங்கல் என்று அதில் பெரும்பகுதி கடைவீதிச் சரக்குத்தான். உழைப்பவனுடைய கருவிகளையெல்லாம் சின்னமாக வைத்திருக்கும் ஓர் அமைப்பு, அந்த உழைப்பவன் உள்ளே நுழையும் வாசலில் பதினாயிரம் ரூபாயைத் தடைக் கல்லாக வைத்திருக்கிறது.

அந்தத் தடையின் உயரம் எவ்வளவு என்பதை ஆரணியிலே கேட்டுப் பார்த்தேன். இது பட்டுக்குப் பேர்போன ஆரணியன்று. ஆந்திர தேசத்தில் பிறந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக வந்து பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் ஆரணியாற்றங்கரையிலுள்ள நம் ஆரணி. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பிலை கட்டிக்கொண்டு பவானி அம்மனைத் தரிசிக்கப் பெரியபாளையம் செல்லும் கூட்டத்தால் இச்சாலையில் கடை வைத்திருப்போர் அனைவருக்குமே நாலு காசு கிடைக்கும். மற்ற நாட்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் செல்லும் வண்டிகளே ஆதாரம். புதுவாயல் செல்லும் பாதையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், காற்றேற்றிய டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடி, கண்ட இடத்தில் சாக்பீஸால் வட்டமிட்டு, அவ்விடத்தை உப்புத்தாளால் சுரண்டிக்கொண்டே என்னிடம் பேசினார்.

“சட்டசபைக்கு நிக்கணும்னா எவ்வளவு கட்டணும் தெரியுமா தம்பி?”

“லட்சக் கணக்குல இருக்கும்ல சார்?”

“பத்தாயிரம்.”

சொல்யூஷன் தடவிய இடம் உலரும்வரை அவர் பதில் சொல்லவில்லை. “கம்ப்ரசருக்கு மோட்டார் மாத்தணும்னு ரெண்டு மாசமா இழுத்துக்கினு இருக்கேன் சார். அதுக்கும் பத்தாயிரம்தான் கேக்குறாங்க.”

“பணம் மட்டும் போதாது. தொகுதியிலே ஓட்டு இருக்கிற பத்துப் பேர் கையெழுத்தும் வேணும்.”

“அது என்னா சார் பெரிய விஷயம்? இந்த ரோட்டுல நூறு பேர் போடுவாங்க. காசு அப்புறமா குடுன்னு எத்தினி பேருக்கு வண்டியைத் தள்ளி விட்டிருக்கேன்.”

பேட்சை ஒட்டி அதன்மேல் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியபடி அவர் கூறிய அவ்வார்த்தைகளே இவ்வாரக் கட்டுரை முழுவதையும் திசை திருப்பிவிட்டன. பதினாயிரம் ரூபாய் அவரிடமில்லை. நூறு கையொப்பம் இருக்கிறது. கட்சிப் பணத்தில் நிற்பவருக்கோ நிலைமை நேர்மாறு: அங்கீகாரம் பெற்ற கட்சியின் அபேட்சகரை ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சை முதலிய மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று 1996-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அப்பத்துக் கையொப்பமும் எளிதென்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொருவரும் அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கவேண்டும். பாக எண்ணும் வரிசை எண்ணும் மனுவில் பிழையறக் குறிக்கப்படவேண்டும். எழுதத் தெரியாதவர் வைக்கும் கைநாட்டை அதிகாரி முன்னிலையில் வைத்து அத்தாட்சி பெறவேண்டும். கையொப்பமிட்டவர் பிற்பாடு மறுத்தால் மனுவே கவிழ்ந்துவிடும். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு நடிகர் விஷால் கொடுத்த மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையொப்பமன்று என்று கூறியதால் நிராகரிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புகழும் பொருளும் படைத்த நடிகருக்கே எட்டுப் பேர்தான் நிலைத்து நின்றார்கள். கடைவீதியில் எல்லாக் கட்சிக்காரரோடும் வாழ்ந்தாக வேண்டிய ஒருவர், பகிரங்கமாக ஒரு சுயேச்சையின் மனுவில் பெயரெழுதிக் கையொப்பமிடுவது, பணத்தைக் காட்டிலும் கனமான சாட்சியம் என்று நான் கருதுவது இதனாலேதான்.

இனி மொடக்குறிச்சி. தொகை உயர்வதற்குச் சற்று முன்பு நடந்த 1996-ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலின்போது, தங்கள் குறைகளை எவரும் செவிமடுக்கவில்லை என்று மனம் வெதும்பிய ஈரோட்டுச் சீமை விவசாயிகள், ஒருவர் பின் ஒருவராகச் சென்று 250 ரூபாய் கட்டி மனுக் கொடுத்தார்கள். இறுதியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச் சீட்டுக்குப் பதிலாக வாக்குப் புத்தகமே அச்சிட வேண்டியதாயிற்று. தேர்தல் ஒரு மாதம் தள்ளி நடந்தது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அவரும் அ.தி.மு.க. அபேட்சகரும் நீங்கலாக ஏனைய 1,031 பேரும் டிபாசிட்டை இழந்தார்கள். 88 பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. அத்தனை பேரும் முழுத்தொகையே கட்டியிருந்தாலும் மொத்தம் 2,58,250 ரூபாய்தான். அதே கூட்டம் இன்று நிற்பதாயின் ஒரு கோடியே மூன்று லட்சத்து முப்பதினாயிரம் வேண்டும். இரண்டரை லட்சம் ரூபாயில் ஒரு ஜில்லாவின் மனக்குறையை இந்தியா முழுவதும் கேட்கச் செய்துவிட்டார்கள் அந்த விவசாயிகள்.

அதே 1996-இல் லோக்சபைக்கு 13,952 பேர் நின்றார்கள். தொகையை உயர்த்திப் பத்துக் கையொப்பத்தையும் சேர்த்த பிறகு, 1998-இல் 4,750 பேர். சட்டம் தன் காரியத்தைச் சாதித்துவிட்டது என்பார்கள். எவரை விலக்கிச் சாதித்தது என்பதே என் கேள்வி. கூட்டமாகச் சேர்ந்து எதிர்ப்புக் காட்ட விரும்புவோரை அது தடுக்கவில்லை: 2019-இல் நிஜாமாபாத் லோக்சபைத் தொகுதியில், மஞ்சளுக்கும் சோளத்துக்கும் நியாய விலை கேட்ட விவசாயிகள் தலைக்கு 25,000 ரூபாய் கட்டி நின்றார்கள், அபேட்சகர் மொத்தம் 185 பேர், வாக்குச்சாவடி ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வாக்குப்பதிவுப் பெட்டிகளை வரிசையாக வைக்க நேர்ந்தது. பணமுள்ளவரையும் அது தடுக்கவில்லை. 40 லட்சம் ரூபாய்வரை செலவு செய்யச் சட்டமே அனுமதிக்கும் ஒரு தேர்தலில் பதினாயிரம் அவருக்கு ஒரு நாள் வாகன வாடகைக்குக் காணாது. தனியொருவனாய், கம்ப்ரசர் மோட்டாரா தேர்தலா என்று கணக்குப் பார்க்கும் நிலையிலுள்ள வியாபாரி ஒருவனையே அது வாசலோடு திருப்பி அனுப்புகிறது.

ஆகவே பழைய 250 ரூபாயையே மீண்டும் கொண்டு வரவேண்டும் என்பதும், பத்துக் கையொப்பத்தை நூறாக்கி, ஒரு வாக்காளர் ஒரு மனுவில் மட்டுமே கையொப்பமிடலாம் என்று விதிக்கவேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். கட்சி அபேட்சகருக்கும் அதே நூறு வேண்டும். நூறு அயலாரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதவர் தாமே விலகிக்கொள்வார். நூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடியவரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்க ராஜ்யத்துக்கு எவ்வித அவசியமுமில்லை. நூறு கையொப்பத்தைச் சரிபார்க்க அதிகாரிகளுக்கு அவகாசம் போதாது என்ற ஆக்ஷேபத்தை நான் அறிவேன். பட்டியல் முழுதும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட இக்காலத்தில் அது பெரிய இடையூறன்று.

ஒப்பந்த விவகாரம் இதனால் அடுத்த வாரத்துக்குச் சென்றுவிட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1966-இல் சேர்க்கப்பட்ட 9-ஏ பிரிவின்படி, தன் வியாபாரத்தை ஒட்டி மாநில அரசாங்கத்துக்குச் சரக்குக் கொடுக்கவோ வேலை செய்து தரவோ ஒப்பந்தம் நடப்பிலிருப்பவன் சட்டசபை அபேட்சகனாக முடியாது. அதே பிரிவின் விளக்கமோ, சரக்கு முழுவதையும் கொடுத்து முடித்துவிட்டுப் பில் தொகைக்காகக் காத்திருப்பவனுக்கு இத்தடை இல்லை என்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்து கொடுத்த தச்சுப் பட்டறைக்காரர், பாதி பெஞ்சுகள் பட்டறையிலேயே இருக்கும்போது மனுக் கொடுத்தால் என்னவாகும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)