தாத்தாவின் தோல்... யாருக்கோ மூன்று வாரம்!

சைதாப்பேட்டையில் ஒரு வீடு. எண்பது வயதுப் பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். கண் தானத்துக்கு எல்லோருக்கும் சம்மதம். அப்போது காலேஜ் படிக்கும் பேத்தி, "தோலையும் கொடுக்கலாமாமே?" என்று கேட்க, வீடே அதிர்ந்துவிட்டது. "என்னடி இது, தாத்தா தோலை உரிக்கச் சொல்றியா?" என்று பாட்டி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாராம். கண்களோடு விஷயம் நின்றுபோனது.

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. தோல் எடுப்பது என்றாலே நமக்குக் கறிக்கடைதான் ஞாபகம் வருகிறது. நிஜத்தில் நடப்பதே வேறு. தொடை, கால், முதுகு... இந்த இடங்களில் மட்டும், அதுவும் மேலாக ஒரு மெல்லிய படலத்தை, டெர்மடோம் என்கிற கருவியால் சீவி எடுக்கிறார்கள். கனம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ரத்தம் கொட்டாது. முகத்தைத் தொடுவதே இல்லை. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்து, அந்த இடங்களில் கட்டுப் போட்டுவிடுவார்கள். வேட்டி கட்டிவிட்டால் வெளியே தெரியாது. சடங்குகளுக்கும் தடையில்லை.

சரி, எதற்கு இது?

சமையல்கட்டில் சேலையில் தீப்பிடித்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். உடம்பில் பாதிக்கு மேல் வெந்துவிட்டது. தோல் போய்விட்டால் உடம்பின் நீர்ச்சத்து கசிந்துகொண்டே இருக்கும். கிருமிகளுக்குக் கதவு திறந்த மாதிரி. அவளுடைய தொடையிலிருந்தே தோல் எடுத்து ஒட்டலாம்தான். ஆனால் எடுக்க நல்ல இடம் மிச்சமிருக்க வேண்டுமே! அந்த நேரத்தில்தான் தானத் தோல் போர்வையாகிறது. வலி குறையும், நீர் இழப்பு குறையும், கிருமித் தொற்றும் குறையும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளாது. இரண்டு, மூன்று வாரத்தில் உடம்பு அதைத் தள்ளிவிடும். அதற்குள் அவளுடைய சொந்தத் தோல் எடுத்த இடம் ஆறி, மறுபடி எடுக்கத் தயாராகிவிடும். உயிர் பிழைக்க அந்த மூன்று வாரம்தான் தேவை. இந்தக் காரணத்தால்தான் ரத்த குரூப் பொருத்தமெல்லாம் பார்ப்பதில்லை.

பத்திரப்படுத்தும் விதம் ரொம்ப சுவாரஸ்யம். நம் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஏன் கெடுவதில்லை? உப்பு அதிலிருக்கும் தண்ணீரை இழுத்துவிடுகிறது. தோல் வங்கியில் உப்புக்குப் பதில் கிளிசரின். முதலில் பாதிக்குப் பாதி கரைசல், பிறகு 85 சதவீதம். நீர் வெளியேற, கிருமிகள் வளர வழியில்லாமல் போகிறது. கூடவே எய்ட்ஸ், மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கு ரத்தப் பரிசோதனை, தோலுக்குக் கிருமி வளர்ப்புச் சோதனை. எல்லாம் சுத்தம் என்று முடிவு வந்தால்தான் நோயாளிக்குப் போகும். சில வங்கிகள் காமா கதிரும் பாய்ச்சுகின்றன. பிறகு 4 முதல் 8 டிகிரி குளிரில் ஐந்து வருஷம்வரை வைக்கலாம். செல்கள் உயிரோடு இருக்காது. போர்வைக்கு அது தேவையுமில்லை.

இந்தியாவின் முதல் தோல் வங்கி மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 2000-ல் வந்தது. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-ல் செய்த திருத்தம் திசு தானத்தையும் சேர்த்துக்கொண்டது. கோவை கங்கா ஆஸ்பத்திரியிலும் வங்கி தொடங்கியிருக்கிறார்கள்.

பதினெட்டு வயது நிரம்பிய யாரும் கொடுக்கலாம். எண்பதானாலும் பரவாயில்லை, சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் பெரும்பாலும் தடையில்லை. தோல் புற்றுநோய், எய்ட்ஸ், ரத்தத்தில் கிருமி பரவிய நிலை இருந்தால் கூடாது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. முதலில் வங்கிக்குப் போன். ஏசி இருந்தால் போட்டுவிடுங்கள். டாக்டர் கொடுத்த இறப்புச் சான்றிதழும், நெருங்கிய உறவினரின் கையெழுத்தும் தயாராக இருக்கட்டும்.