சமவெளித் தோட்டங்களுக்கேற்ற மா ஜாதிகள்

பழத்தோட்டம் வைக்கக் கருதும் நிலச்சுவான்தார் முதலில் ஆராய வேண்டுவது கன்றின் விலையையன்று; அந்த ஜாதி தமது பூமியிலும் சீதோஷ்ணத்திலும் காய்க்குமா என்பதையே. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளையும் பிளம்ஸ் மரம் இதற்கு நல்ல உதாரணமாகும். இலையுதிர்த்து ஓய்ந்திருக்கும் காலத்தில் போதிய குளிர் கிட்டினாலன்றி அதன் மொட்டுகள் ஒழுங்காக அவிழ்வதில்லை. சேலம், நாமக்கல் சமவெளிகளில் அதனை நட்டு, தழைத்தாலும் பலனை எதிர்பார்த்தல் வீண். மாமரத்திற்கோ இங்குள்ள வெப்பமும், பூக்குங்காலமாகிய தை, மாசி மாதங்களின் வறட்சியும் அனுகூலமானவை. 1965-ஆம் ஆண்டில் தருமபுரி ஜில்லா பிரியும் வரையில் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததே. சேலத்து மாம்பழத்தின் கீர்த்தியில் அப்பகுதிக்கும் பங்குண்டு.

எனினும், சிறந்த ருசியும் நிறைந்த காய்ப்பும் ஒரே மரத்தில் கூடுவது அரிது. மல்கோவாவின் சதை நாரற்றது. இனிப்பும் வாசனையும் மிக்கது. ஆனால் அது சொற்பமாகவே காய்க்கும். சில வருஷங்களில் ஓய்ந்தும் விடும். இமாம் பசந்தும் ருசியில் குறைந்ததன்று; அதன் தோல் மெல்லியதாதலின் தூரப் பிரயாணத்தைத் தாங்காது. கிளிமூக்கு எனப்படும் பெங்களூரா ருசியில் மத்திமமே. ஆயினும் தவறாமல் மிகுதியாகக் காய்ப்பதாலும், கூழ் ஆலைகள் விரும்பி வாங்குவதாலும் வருமானத்திற்கு உறுதி தருவது. நீலம் பருவத்தின் கடைசியில் பழுக்கும், வருஷந்தோறும் காய்க்கும், பறித்தபின் பல நாள் கெடாது.

ஆகையால் முழுத் தோட்டத்தையும் மல்கோவாவால் நிரப்புதல் விவேகமாகாது. 33 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 40 மரங்கள் நிற்கும். அவற்றில் 30 நீலமும் பெங்களூராவுமாக இருப்பின் குடும்பச் செலவுக்குக் குறைவிராது. மிகுதி பத்தை மல்கோவாவுக்கும் இமாம் பசந்துக்கும், கிணற்றை அடுத்த நல்ல மண்ணில் ஒதுக்கலாம். நீலத்தினின்று தெரிந்தெடுக்கப்பட்ட பையூர் 1 குட்டையான மரமாதலின் நெருக்கி நடுவதற்கு ஏற்றது.

ருசியான பழத்தின் கொட்டையை ஊன்றி, அதே பழத்தை எதிர்பார்த்து ஏமாறுவோர் பலர். அமெரிக்காவின் பிளோரிடாவில் மல்கோபா என்னும் இந்திய ஜாதியின் கொட்டைகளை 1902-இல் ஊன்றியதில், தாயினின்றும் வேறான ஹேடன் என்னும் புது ஜாதி தோன்றிற்று. அது நல்லதாய் அமைந்தது அதிர்ஷ்டமே. பெரும்பாலான கொட்டைக் கன்றுகள் தாயினும் தாழ்ந்தவையாகும். ஆதலின் ஒட்டுக்கன்றையே வாங்க வேண்டும். தாய்மரம் எது, அது எவ்வாறு காய்த்து வருகிறது என்று விசாரிக்காமல் வாங்கலாகாது.

மூன்றடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் இட்டு, ஒட்டுப் பாகம் மண்ணுக்கு மேல் நிற்குமாறு நடுக. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனே கிள்ளிவிடுக. இல்லையேல் அடிக்கன்றே மரமாகிவிடும். முதல் மூன்று வருஷங்கள் பூங்கொத்துகளையும் நீக்குக. இடைவெளியில் நிலக்கடலையோ பயறு வகைகளோ பயிரிடலாம்.

நெல்லில் நேர்ந்த பிழையை அடுத்த போகத்திலேயே திருத்தலாம். மாவில் நேர்ந்த பிழையோ ஐந்தாறு வருஷங்கள் நீர் வார்த்த பின்னரே தெரியவரும். தத்தம் கிராமத்தில் வருஷந்தவறாமல் காய்க்கும் பழைய மரங்களைக் குறித்து வைத்து, ஒட்டுக்கிளை வேண்டுவோருக்கு அவற்றைக் காட்டிக் கொடுத்தல் கிராம அதிகாரிகள் எளிதிற் செய்யக்கூடிய பேருதவியாகும்.