கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி லேபிள்: நோட்பேட் போதும்

வீட்டில் கல்யாணம். 300 பத்திரிகைகள் அச்சாகி வந்துவிட்டன. இனி ஒவ்வொரு உறையிலும் முகவரி எழுத வேண்டும். நூறு உறை தாண்டும் முன்பே கை வலிக்கும். பின்கோடில் ஓர் எண் மாறிவிடும். அந்த ஒரு பத்திரிகை போய்ச் சேராவிட்டால், “எங்களை மட்டும் மறந்துவிட்டார்களே” என்ற மனத்தாங்கல் உறவில் பல ஆண்டுகள் நிற்கும்.

இந்த வேலையை உங்கள் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கலாம். முகவரிகளை நோட்பேடில் ஒரு டெக்ஸ்ட் பைலாக டைப் செய்து வைத்தால், வேர்ட் தொகுப்பு அதைப் படித்து லேபிள்களாக அமைத்துத் தரும். இதற்கு மெயில் மெர்ஜ் என்று பெயர்.

டெக்ஸ்ட் பைல் தயாரித்தல்

ஒருவருக்கு ஒரு வரி. இந்த வரிதான் ரெகார்ட். அதில் உள்ள பெயர், தெரு, ஊர், பின்கோடு ஒவ்வொன்றும் ஒரு பீல்ட். எது பெயர், எது ஊர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பீல்ட்களுக்கு இடையே உள்ள பிரிப்புக் குறியை வைத்துத்தான் அது எண்ணிப் பார்க்கும்.

பலர் கமாவைப் பிரிப்புக் குறியாக வைப்பார்கள். நம் முகவரிகளுக்கு இது ஒத்து வராது. “4/12, பிள்ளையார் கோயில் தெரு” என்பதிலேயே ஒரு கமா இருக்கிறது. தெருப் பெயரை ஊர் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பின்கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஊர் வந்து நிற்கும். எனவே டேப் கீயைப் பயன்படுத்துங்கள். கீழே அம்புக்குறி உள்ள இடங்களில் டேப் கீயை ஒரு முறை அழுத்த வேண்டும்.

நேம் → ஸ்ட்ரீட் → டவுன் → பின்
இரா. முருகேசன் → 4/12, பிள்ளையார் கோயில் தெரு → மதுரை → 625001

முதல் வரி பீல்ட்களின் தலைப்பு. இதை மட்டும் ஆங்கில எழுத்துகளில் அமைப்பது நல்லது. நோட்பேடில் பெயர்களும் ஊர்களும் நேர்க்கோட்டில் நிற்காது. அழகுக்காகக் கூடுதலாக ஒரு டேப் தட்டிவிடாதீர்கள். அதையும் கம்ப்யூட்டர் ஒரு பீல்டாகக் கணக்கிடும். ஒருவருக்குத் தெருப் பெயர் இல்லை என்றால், அந்த இடத்தைக் காலியாக விட்டு டேப் கீயை அழுத்த வேண்டும்.

தமிழில் டைப் செய்தால் யூனிகோட் எழுத்தையே பயன்படுத்துங்கள். சேமிக்கும்போது என்கோடிங் கட்டத்தில் யுடிஎப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் நோட்பேட் தானாகவே இப்படிச் சேமிக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நாம்தான் தேர்வு செய்ய வேண்டும். இல்லையெனில் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

இந்த பைலை எக்ஸெலில் திறந்து சேமிப்பதைத் தவிர்க்கவும். 4/12 என்று மட்டும் உள்ள கதவு எண்ணைத் தேதி என்று எண்ணி எக்ஸெல் மாற்றிவிடக்கூடும்.

வேர்டில் லேபிள் அமைத்தல்

1. மெயிலிங்ஸ் பிரிவில் ஸ்டார்ட் மெயில் மெர்ஜ் கிளிக் செய்து, லேபிள்ஸ் தேர்ந்தெடுக்கவும். உங்கள் லேபிள் தாளின் அளவு பட்டியலில் இல்லை என்றால், ஸ்கேலால் அளந்து நியூ லேபிள் மூலம் கொடுக்கலாம்.

2. செலக்ட் ரெசிபியன்ட்ஸ் கிளிக் செய்து, யூஸ் அன் எக்ஸிஸ்டிங் லிஸ்ட் மூலம் உங்கள் டெக்ஸ்ட் பைலைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து வகை கேட்டால் யுடிஎப்-8, பிரிப்புக் குறி கேட்டால் டேப் என்று கொடுக்கவும்.

3. முதல் கட்டத்தில் கர்சரை வைத்து, இன்ஸர்ட் மெர்ஜ் பீல்ட் மூலம் பெயர், தெரு, ஊர், பின்கோடு ஆகியவற்றை வரிசையாக அமைக்கவும்.

4. அப்டேட் லேபிள்ஸ் கிளிக் செய்தால் மற்ற கட்டங்களிலும் அதே அமைப்பு வந்துவிடும். அவற்றில் காணப்படும் நெக்ஸ்ட் ரெகார்ட் என்பதை அழிக்காதீர்கள். அழித்தால் முன் கட்டத்தில் உள்ளவரின் முகவரியே மீண்டும் வரும்.

5. பிரிவ்யூ ரிசல்ட்ஸ் மூலம் பார்த்துவிட்டு, பினிஷ் அண்ட் மெர்ஜ் கிளிக் செய்து, எடிட் இன்டிவிஜுவல் டாகுமென்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். எல்லா லேபிள்களும் ஒரு புதிய டாகுமென்டில் கிடைக்கும்.

அச்சிடும் முன்

ஒவ்வொரு லேபிளிலும் கடைசி வரியை மட்டும் பாருங்கள். 1972 முதல் நடைமுறையில் உள்ள பின்கோடு ஆறு இலக்கம் கொண்டது. தமிழ்நாடு, கேரள முகவரிகளுக்கு 6 என்ற எண்ணில் தொடங்கும். அந்த இடத்தில் ஊர்ப் பெயரோ காலி இடமோ இருந்தால், அந்த ரெகார்டில் டேப் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கிறது. டெக்ஸ்ட் பைலில் திருத்திவிட்டு மீண்டும் மெர்ஜ் செய்யுங்கள்.

அடுத்து, சாதாரண ஏ4 தாளில் ஒரு பக்கம் அச்சிட்டு, லேபிள் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் கட்டத்திற்குள் அடங்கினால் மட்டும் லேபிள் தாளை பிரிண்டரில் வையுங்கள்.

கல்யாணம் முடிந்ததும் டெக்ஸ்ட் பைலை அழித்துவிடாதீர்கள். ஒரு நகலைப் பென் டிரைவில் வைத்திருங்கள். வீடு மாறியவர்களின் முகவரியை அவ்வப்போது திருத்தி வந்தால், அடுத்த விசேஷத்திற்குப் பத்திரிகை அனுப்பும் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும்.