எந்தத் தொட்டி பூட்டுவது?

கோண்டாவில் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாய்க்கு முழங்கால் வருத்தம். கோடியில் இருக்கிற மலசலகூடத்துக்கு இரவில் படியிறங்கிப் போக ஏலாது. அதனால் பழைய வீட்டின் நெல்லறையைக் குளியலறையாக மாற்றப் போகிறார்கள். ஒன்றரை அடி மொத்தத்தில், சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கல்லுச் சுவர். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, சுவருக்குள் மறைத்து வைக்கிற ஃபிளஷ் தொட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறார். மேசன் "வெளியில பூட்டுற தொட்டியே காணும்" என்கிறார். மாமா "தொட்டி என்னத்துக்கு, வாளியால ஊத்தினாப் போதாதோ" என்கிறார். "மூண்டு பேரும் மூண்டு கதை. நீங்கள் ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கடிதம் முடிகிறது.

கொமட்டின் கழுத்து வளைவில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குழியின் நாற்றத்தை வீட்டுக்குள் வரவிடாமல் மறிப்பது அதுதான். 1775இல் அலெக்சாண்டர் கமிங் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளர் காப்புரிமை பெற்ற வளைவு அது. ஃபிளஷ் செய்யும் வேலை முழுக்க இவ்வளவே: பழைய தண்ணீரையும் அதில் கிடப்பதையும் ஒரே உந்தலில் வளைவுக்கு அப்பால் தள்ளிவிட்டு, புதுத் தண்ணீரை அங்கே நிறுத்துவது. உந்தலுக்கு வேகம் வேண்டும். அரை அங்குலப் பைப்பைத் திறந்துவிட்டால் பத்து லீற்றர் ஓடினாலும் ஒன்றும் அசையாது. அரை வாளித் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் எல்லாம் போய்விடும். ஆகவே மாமா சொன்னதில் பிழையில்லை.

பீகாரில் பிந்தேஷ்வர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம் இந்த வாளிக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டது. குந்தியிருக்கும் பாத்திரத்தின் சரிவைக் கூட்டி, வளைவில் நிற்கும் தண்ணீரின் ஆழத்தை 20 மில்லிமீற்றருக்குக் குறைத்தார்கள். ஒன்றரை, இரண்டு லீற்றரே போதுமென்றாகியது. ஆனால் முழங்கால் வருத்தக்காரரைக் குந்தச் சொல்ல முடியாது. கொமட்டில் இருந்து எழும்பியவரை அரை வாளி தூக்கச் சொல்லவும் முடியாது. கரண்ட் இல்லாத நாளுக்கு வாளி ஒரு பக்கத்தில் இருக்கட்டும்.

தொட்டியே இல்லாமல், பைப்பில் நேரே பூட்டும் ஃபிளஷ் வால்வும் உண்டு. விமான நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். 1906இல் சிக்காகோவில் வில்லியம் சுலோன் தொடக்கிவைத்த வியாபாரம். அதற்கு நல்ல அமுக்கம் வேண்டும். பத்து மீற்றர் உயரத் தண்ணீர் தருவது ஒரு பார் அமுக்கம். நமது வீட்டுத் தாங்கிகள் பதினைந்து, இருபது அடியில் நிற்கின்றன. கிடைப்பது ஒரு பாரில் பாதி, அது காணாது. அந்த ஆசையை விட்டுவிடலாம்.

தம்பி அனுப்பிய மறைதொட்டி பார்க்க வடிவுதான். ஆனால் சுண்ணாம்புச் சாந்துச் சுவரை உளியால் குடைவது சுவரின் உயிரோடு விளையாடுவது. முன்னால் இன்னொரு அரைச்சுவர் எழுப்பலாம் என்றால், நெல்லறையில் அதற்கு இடமேது? பழுது வந்தால் பொத்தான் பலகையைக் கழற்றி, அந்தச் சின்ன ஓட்டைக்குள் கையை விட்டுத் திருத்தவேண்டும். ஆக, மேசன் சொன்ன வெளித்தொட்டிதான். கதை இதோடு முடியவில்லை. வெளித்தொட்டியிலும் இரண்டு சாதி இருக்கிறது.

இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வால்வுத் தொட்டிகள். அடியில் ஓர் ஓட்டை, அதை மூடிய ரப்பர். பொத்தானை அமத்தினால் ரப்பர் எழும்பும், தண்ணீர் விழும். மற்றது சைபன். வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் தலைக்கு மேலே இரும்புத் தொட்டியும் தொங்குகிற சங்கிலியுமாக இருந்ததே, அந்தச் சாதி. எனக்கு அதில் தீராத மோகம்.

சைபன் தொட்டியின் அடியில் மூடி திறக்கும் ஓட்டையே கிடையாது. வெளியே போகும் குழாய் தொட்டிக்குள் மேல்நோக்கி எழும்பி, நீர்மட்டத்துக்கு மேலே வளைந்து கீழே இறங்குகிறது. பிடியை இழுத்ததும் உள்ளே ஒரு தட்டு எழும்பி, கொஞ்சத் தண்ணீரை அந்த வளைவுக்கு மேலால் தள்ளிவிடும். அது இறங்க, மிச்சத் தண்ணீர் தானாகவே பின்னால் ஏறி வந்து விழும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பரலுக்குள் ரியூப்பை விட்டு ஒருக்கால் உறிஞ்சினால் போதும், மண்ணெண்ணெய் தன்பாட்டில் கலனுக்குள் ஓடும். வாயில் கொஞ்சம் போனதுதான் கூலி. தொட்டியில் மட்டம் இறங்கிக் குழாயின் வாயைக் காற்றுத் தொட்டதும் "களக்" என்றொரு சத்தம், ஓட்டம் நின்றுவிடும்.

சைபனின் தட்டோடு இருக்கும் மெல்லிய தாள் கிழிந்தால் இரண்டு மூன்று தரம் இழுக்கவேண்டி வரும். வீட்டிலுள்ள எல்லாரும் முறைப்பாடு சொல்வார்கள், திருத்துவோம். வால்வு ரப்பர் பழுதானால் ஒருவரும் ஒன்றும் சொல்லார். கொமட்டின் பின்சுவரில் கண்ணுக்குத் தெரியாத கசிவாகத் தண்ணீர் இரவு பகலாக இறங்கும். நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர் கசிந்தால் ஒரு நாளைக்கு 144 லீற்றர். ஆறு லீற்றர்த் தொட்டியை இருபத்துநான்கு முறை இழுத்ததற்குச் சமம். பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டு முடியும்வரை சைபனை மட்டுமே அனுமதித்து வைத்திருந்தது இந்தக் கசிவுக்குப் பயந்துதான்.

நமக்கு அந்தப் பயம் இன்னும் கூட வேண்டும். நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வரும் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே கல்லு, தொட்டிக்குள் ரப்பரின் விளிம்பிலும் படிகிறது. மூடியைத் திறந்து அந்த ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். அரத்தைத் தொட்டதுபோல் இருக்கும். அதற்குப் பிறகு அது எப்படி இறுக மூடும்? தொட்டிக்குள் கொஞ்சம் பீற்றூட் சாற்றை விட்டு, அரை மணித்தியாலம் ஒருவரும் போகாமல் விடுங்கள். கொமட்டுக்குள் சிவப்புத் தெரிந்தால் ஒழுக்கு. ரப்பரைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் துடைத்தால் பல நேரங்களில் சரிவரும், வராவிட்டால் மாற்றவேண்டியதுதான்.

ஒழுகும் தண்ணீர் திரும்ப நிலத்துக்குத்தானே போகிறது, என்ன நட்டம் என்று ஒருவர் கேட்கலாம். போகும்போது என்னத்தைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். நகரத்தைப் போல நிலத்துக்கடியில் கழிவுக் குழாய் நமக்கு இல்லை. அவரவர் வளவுக்குள் அவரவர் குழி. அடிபோட்ட தாங்கியென்றால் கசடு கீழே தங்க, தண்ணீர் ஒரு நாளாவது அமைதியாக நிற்கவேண்டும். ஓயாத கசிவு அதை நிற்க விடாது, கசடையும் கிருமியையும் வெளியே தள்ளும். வெளியே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். நிலாவரையையும் கீரிமலையையும் நமக்குத் தந்த அதே கல், குழித் தண்ணீரையும் வடிகட்டாமல் கொண்டுபோய் விடும்.

குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. தோட்டத்து உரத்துக்கும் அதில் பெரிய பங்குண்டு; அதைச் சொல்லி நமது குழிகள் தப்பிக்க முடியாது. முந்திப் பெரிய வளவுகளில் குழி ஒரு மூலை, கிணறு ஒரு மூலை. இப்போது இரண்டு பரப்புக் காணியில் உங்கள் கிணற்றுக்கு ஐம்பதடி தள்ளி உங்கள் குழி இருக்கும், இருபதடியில் பக்கத்து வீட்டாரின் குழி இருக்கும். மாபிள் பதிக்கக் காசு பார்க்காதவர்கள் குழிக்கு அடிச் சீமெந்து போடக் காசு பார்க்கிறார்கள். மண்ணால் மூடிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்தான். 2024இல் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தாகிவிட்டது. குழாயில்தான் வருகிறதே என்று தாராளமாக இழுத்துவிட்டால் அதுவும் இதே குழிக்குள்தான் போகும்.

வாசகிக்கு என் பதில் இது. வெளித்தொட்டியைப் பூட்டுங்கள். லண்டனில் இருந்து யாராவது வந்தால் சைபன் பொறியை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பொருந்துமா என்று முதலே அளந்து பாருங்கள். அதன் பிடியைக் கொஞ்சம் உறுதியாக இழுக்கவேண்டும், அதனால் நீளப் பிடியாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் இரட்டைப் பொத்தான் தொட்டி. 1980இல் அவுஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் 11, ஐந்தரை லீற்றர்க் கணக்கில் கொண்டுவந்த இரட்டை ஃபிளஷ் இன்று ஆறும் மூன்றுமாகக் குறைந்திருக்கிறது. கடைக்காரரிடம் நிறத்தையும் விலையையும் பிறகு விசாரிக்கலாம். அடி ரப்பரைத் தனியாக விற்பாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.